நைனா படிக்க முடியாத பத்தி

சென்னையிலிருந்து வரும் ஓர் இணைய இதழில் ஏழு வருஷம் வாரம் தவறாமல் பத்தி எழுதினேன். புனைபெயரில்தான். அந்த வாரம் வந்த தொழில்நுட்பச் செய்திகளையும் சினிமாக்காரர்களின் அமர்க்களத்தையும் எடுத்துவைத்துக்கொண்டு நக்கலடிப்பது என் வேலை. வாசகர்கள் என்னை ரொம்பக் கலகலப்பான ஆள் என்று நினைத்தார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப்பைத் திறந்து மூடுகிறவன். வாரநாட்களில் அங்கேயே ஓர் அறையில் தங்கல், சனிக்கிழமை சாயங்காலம் சித்தூரில் வீடு. எனக்கு இருந்ததெல்லாம் எரிச்சல்தான். அதற்கு நகைச்சுவை என்று பெயர் போட்டு வெளியிட்டார்கள்.

எரிச்சலுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. வருஷாவருஷம் ஒரு போன் வரும். போன வருஷத்துப் போனைவிட இதில் ஒரு கேமரா அதிகம் என்பார்கள். கேமரா கூடிக்கொண்டே போனது, எதிரே நின்ற மூஞ்சி மட்டும் அதேதான். பிறகு மடிக்கிற போன் வந்தது. இரண்டாக மடித்தார்கள், அது போதாதென்று மூன்றாக மடித்தார்கள். எங்கள் தெரு இஸ்திரிக்காரரிடம் கொடுத்தால் இன்னும் நேர்த்தியாக மடித்துத் தருவாரே என்று எழுதினேன். ஃபிரிட்ஜுக்கு இணைய இணைப்பு எதற்கு என்று கேட்டு ஒரு வாரம் ஓட்டினேன். உள்ளே தக்காளி இல்லை என்று அது எனக்குச் செய்தி அனுப்புமாம். தக்காளி இல்லை என்பது எனக்கே தெரியும், வாங்கிவராதவன் நான்தானே.

இன்னும் கொஞ்ச நாளில் மனிதன் செய்கிற எல்லா வேலையையும் செயற்கை நுண்ணறிவே செய்துவிடும் என்று தினமும் யாராவது ஒருவர் மேடையேறிச் சொல்கிறார். அந்தச் செய்தியை நான் பெரும்பாலும் பாகாலா ஜங்ஷனில் உட்கார்ந்துதான் படித்திருக்கிறேன். எதிர்வண்டிக்கு வழிவிட்டு எங்கள் ரயில் நின்றுகொண்டிருக்கும். கையிலிருக்கும் செயலியோ நான் சித்தூரை நெருங்கிவிட்டதாகச் சொல்லும். என் வேலையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும், முதலில் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்துகொண்டு வரட்டும் என்று எழுதினேன்.

சினிமாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். படத்தின் பெயரை எந்தத் தேதியில் அறிவிப்போம் என்று அறிவிக்க ஒரு வீடியோ விடுகிறார்கள். எல்லையில் இருக்கும் எங்களுக்கு இதில் இரட்டைத் தண்டனை. தமிழ் நாயகனின் ரசிகர்களும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள், தெலுங்கு நாயகனின் ரசிகர்களும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார்கள். ஐந்து மொழியில் வரும் படத்தில் நாயகன் ஐந்து மொழியிலும் ஒரே கத்தலைக் கத்துவார். இரண்டாம் நாள் வெற்றி விழா. மூன்றாம் நாள் தியேட்டரில் நானும் டார்ச் லைட்காரரும் இருப்போம்.

ஆனால் பத்தி ஓடியது இதனாலெல்லாம் இல்லை. அதில் ஒரு கதாநாயகர் இருந்தார். 'எங்கள் வீட்டுப் பெரியவர்' என்று அவரைக் குறிப்பிடுவேன். வாட்ஸப்பில் வருவதையெல்லாம் நம்புகிறவர். போனை அரிசியோடு வைத்தால் வண்டு வராது என்று யாரோ அனுப்ப, ஒரு வாரம் போனை அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தவர். பேசும் செயலியிடம் மழை வருமா என்று கேட்பதற்கு முன்னால் 'ஸ்தோத்திரம்மா' என்று சொல்லி ஆரம்பிப்பவர், பதில் வந்ததும் 'சந்தோஷம், நல்லா இரு' என்று முடிப்பவர். வாசகர்களுக்கு அவரை அவ்வளவு பிடித்திருந்தது. அந்தப் பெரியவர் என் அப்பா, என் நைனா.

சித்தூரில் எங்களுடையது பழைய மிஷன் சபையைச் சேர்ந்த தமிழ்க் குடும்பம். நைனா மண்டல ஆபீஸில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர், படித்தது முழுக்கத் தெலுங்கு மீடியம். பேச்சு தமிழ், ஜெபம் தமிழ், சண்டையும் தமிழ். ஆனால் தமிழில் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனைக்கு ஒரு நீள நோட்டை எடுத்துக்கொண்டு போவார். தமிழ்க் கீர்த்தனைகளையெல்லாம் தெலுங்கு எழுத்தில் எழுதிவைத்த நோட்டு. எங்கள் சபையில் அப்படி நோட்டு வைத்திருப்பவர்கள் பலர், யாரும் அதை அதிசயமாகப் பார்ப்பதில்லை. எனக்கு மெசேஜ் அனுப்பினாலும் அதே மாதிரிதான், வாக்கியம் தமிழ், எழுத்து தெலுங்கு.

தன் பிள்ளை அப்படி ஆகிவிடக்கூடாது என்று என்னைக் குடிபாலா தாண்டி, எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். தெலுங்கு படிக்காதவனுக்கு இந்தப் பக்கம் யார் வேலை கொடுப்பார்கள் என்று ஆபீஸில் எல்லோரும் அவரைத் திட்டினார்கள். அவர்கள் சொன்னபடியேதான் ஆனது. அதை அவர்மேல் ஒரு குறையாக மனசுக்குள் வைத்துக்கொண்டேதான் நான் வளர்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் கொடுத்த தமிழில் அவரையே ஏழு வருஷம் கேலி செய்தேன். அவரால் அதை வாசிக்க முடியாது என்பதுதான் என் தைரியம். ஞாயிறு மத்தியானம் அவர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவரைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

"இன்னாடா எழுதிக்கினு கீற?" என்று கேட்பார்.

"காலேஜ் வேலை நைனா" என்பேன்.

அம்மா இறந்த இரண்டாவது வருஷம், பழைய புகைப்படங்களை அசையவைக்கும் வித்தை வந்தது. ஒரே ஒரு படம் கொடுத்தால் போதும், செத்தவர்கள் கண் சிமிட்டுவார்கள், திரும்பிப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள். நைனா அதைப் போனில் பார்த்துவிட்டு, பஜார் தெருவில் ஸ்டூடியோ வைத்திருப்பவரிடம் அம்மாவின் படத்தைக் கொடுத்துச் செய்துகொண்டு வந்தார். சில விநாடிகள்தான் ஓடும். அம்மா தலையைத் திருப்பி, வரிசையான வெள்ளைப் பற்கள் தெரியச் சிரிக்கிறாள். அம்மாவுக்கு முன்பற்கள் இரண்டும் எடுப்பாக இருக்கும். எந்தப் படத்திலும் அவள் வாயைத் திறந்ததில்லை.

"பல்லு அவளுது இல்ல. ஆனா திரும்பிப் பாக்கறா பாரு, அது அவதான்" என்று நைனா போனை என்னிடம் நீட்டினார். காலையில் காபியோடு ஒருதரம் பார்த்தார், ராத்திரி ஜெபத்துக்கு முன்னால் ஒருதரம் பார்த்தார்.

என் அம்மாவுக்கு யாரோ பல்செட் மாட்டிவிட்ட மாதிரி இருந்தது. அவரிடம் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் உட்கார்ந்து எழுதினேன். 'நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியும் பெரியவரைப் பார்த்து ஒருநாளும் சிரிக்காத மனைவி, எங்கோ ஒரு சர்வர் சூடானதும் பல்லைக் காட்டிவிட்டார்' என்று ஆரம்பித்தேன். அதற்கு மேலும் அதேபோல் நாலைந்து வரிகள் இருந்தன, இங்கே சொல்ல வாய் கூசுகிறது. நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதைத்தான். இதழாசிரியரே போன் செய்து, "பெரியவரை மட்டும் விட்டுடாதீங்க சார், அவர்தான் நம்ம ஸ்டார்" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போது நைனாவுக்குக் கண்ணில் புரை விழுந்துகொண்டிருந்தது. தெலுங்குப் பேப்பரே கலங்கலாகத் தெரிகிறது என்றார். லீவு கிடைக்கட்டும், ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகிறேன் என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன். அதுவரை சமாளிக்கட்டும் என்று, எழுத்தை வாசித்துக்காட்டும் வசதியை அவர் போனில் போட்டுக்கொடுத்தேன். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஒரு பெண்குரல் படிக்கும். அது தெலுங்கோடு தமிழும் படிக்கும் என்பது எனக்குத் தெரியும். நான் தொழில்நுட்பம் எழுதுகிறவன் அல்லவா. தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை. எழுத்து தெரியாதவருக்கு அந்த மொழியே மூடிக்கிடக்கிறது என்று எப்படியோ நம்பியிருந்தேன். அந்த மொழியில்தான் அவர் பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டிருந்தார்.

என் புனைபெயர் தெரிந்தவர் சொந்தத்தில் ஒரே ஒருவர், வேலூரில் இருக்கும் என் தாய்மாமா. பெருமைக்காக ஒருதரம் அவரிடம் வாய்விட்டிருந்தேன். அவர் அந்தப் பத்தியை நைனாவுக்கு அனுப்பி, "நம்ம மாப்பிள்ள எழுதினதாம் மாமா, இன்னா பேரு வாங்கிக்கீறான் பாருங்க" என்று குரல்பதிவும் போட்டார். தன் அக்காவைப் பற்றித்தான் அதில் எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவர் அதைப் படிக்கவில்லை. படித்துவிட்டு யார் ஃபார்வேர்டு செய்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து நான் அடுப்படியில் கறி வதக்கிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அந்தப் பெண்குரல் கேட்டது. முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது. ஏற்ற இறக்கமே இல்லாமல், நான் கமா போட்ட இடத்தில் நின்று நின்று, என் நகைச்சுவைகளை ஒவ்வொன்றாகத் துக்கச் செய்தி மாதிரி படித்தது. கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றேன். போய்ப் போனைப் பிடுங்கியிருக்கலாம், பிடுங்கவில்லை. நைனா போனைக் காதோரம் வைத்துக்கொண்டு, குனிந்து, பிரசங்கம் கேட்கிறவர் போல முழுக்கக் கேட்டார். கட்டுரை முடிந்து, கீழே இருந்த முழங்கால் தைல விளம்பரத்தையும் அது படித்து முடித்தது.

"நீதான் எழுதினியா?"

"ஆமா நைனா."

"ஜனங்க சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"உங்கம்மா சிரிப்பா" என்றார். "பல்லு தெரியக்கூடாதுன்னு முந்தானையால வாயப் பொத்திக்கினு சிரிப்பா. நீ பாத்துக்கீற. பாத்துட்டு, சிரிக்கலன்னு எழுதிக்கீற."

"சும்மா தமாஷுக்கு நைனா" என்றேன். இவ்வளவு வார்த்தை தெரிந்தவனுக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

"சரே" என்று தெலுங்கில் சொன்னார். "கறி அடிபிடிக்குது, போய்ப் பாரு."

அதற்குப் பிறகும் அவர் என்னோடு பேசத்தான் செய்தார். துன்னியா, பஸ் கெடச்சுதா, அறையில தண்ணி வருதா என்று எல்லாம் கேட்டார். தன்னைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. முன்பெல்லாம் போனில் எது வந்தாலும், "இது நெஜமாடா?" என்று என்னிடம் கேட்பார். இப்போது ஸ்டூடியோக்காரரிடம் போய்க் கேட்டுக்கொள்கிறார். நான் கூடத்துக்குள் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறார். அம்மாவின் வீடியோவை இன்னும் பார்க்கிறாரா, அழித்துவிட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்க முகம் இல்லை.

மூன்று வாரம் கேமராவையும் கட்அவுட்டையும் வைத்து ஒப்பேற்றினேன். "பெரியவர் எங்க சார்?" என்று இதழாசிரியர் கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன். அடுத்த மாதம் நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். இதழாசிரியர் ஒன்றும் பதறவில்லை. என் பழைய பத்திகளையெல்லாம் ஒரு செயலிக்குக் கொடுத்தால் அது அதே மாதிரி எழுதித் தருகிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். இப்போதும் என் புனைபெயரில் பத்தி வந்துகொண்டிருக்கிறது. அதில் ஒரு பெரியவர் வாராவாரம் எதையாவது நம்பி ஏமாறுகிறார். வித்தியாசம் தெரிகிறது என்று ஒரு வாசகரும் எழுதவில்லை. இத்தனை வருஷம் நான் செய்தது அவ்வளவு சுலபமான வேலை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். நைனா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் சொட்டு மருந்தும் பஞ்சும் இருந்தன.

"இன்னா நைனா இது?"

"ஆபரேஷன் பண்ணிக்கினேன். வேலூர்ல. உன் மாமாதான் வந்து கூட்டிக்கினு போனான்."

"எப்போ?"

"செவ்வாக்கெழம."

செவ்வாய்க்கிழமை ராத்திரி நான் அவரிடம் போனில் பேசியிருந்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டார், சாப்பிட்டேன் என்றேன், நீங்க என்று கேட்டேன், ஆச்சு என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து பேசியிருக்கிறார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா லீவு போட்டுக்கினு வந்திருப்பேனே நைனா" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மருந்தைத் தானே விட்டுக்கொள்ளப் பார்த்தார், சொட்டு கன்னத்தில் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. நான் கையை நீட்டியதும் பாட்டிலைக் கொடுத்துவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார். சிவந்திருந்த கண்ணை விரலால் விலக்கிப் பிடித்தேன். அது என்னை நேராகப் பார்த்தது.

"சொன்னா எழுதிடுவ" என்றார்.

அதில் கோபம் இல்லை. மழை வரும், துணியை எடுத்து உள்ளே போடு என்கிற மாதிரிதான் சொன்னார். நான் இரண்டு சொட்டு விட்டு, வழிந்ததைப் பஞ்சால் துடைத்தேன்.

அவர் நினைத்தது தப்பில்லை. இதையும் எழுதிவிட்டேன்.