ஸ்டாம்ப் ஒட்டாத கையெழுத்து

இந்த வருஷம் ஆடி மாதம், சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகப்போகிற சமயம். மயிலாப்பூரில் லஸ் பக்கம் நான் வேலை பார்க்கும் மருந்துக் கம்பெனியில் அன்று சம்பள நாள். பக்கத்து நாற்காலிக்காரர் காஷியர் மேஜையிலிருந்து திரும்பி வந்தவர், "முதல் சம்பளத்திலேயே ஸ்டாம்புக்குன்னு ஒரு அணாவைப் பிடிச்சுட்டாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"எங்களுக்கெல்லாம் பிடிக்கிறதில்லை. பெண்பிள்ளைகள் என்று ஒரு மரியாதை" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் சிரித்துவிட்டார். "மரியாதையா? இருபது ரூபாய்க்கு மேலே வாங்கினாத்தாங்க சம்பள ரசீதிலே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டணும். இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

சத்தியமாகத் தெரியாது. பதினோரு மாதமாக வெறும் தாளில் கையெழுத்துப் போட்டுவந்தேன். மரியாதை என்று நானாக நினைத்துக்கொண்டு வீட்டில் வேறு சொல்லி வைத்திருந்தேன். அந்த நிமிஷம்தான் என் மண்டையில் உறைத்தது. வெளியூர்களுக்குப் போகும், வாங்குகிறவர் தபால்காரரிடம் பணம் கட்டிப் பெறும் வி.பி. பார்சல்களுக்கு விலாசம் எழுதி, பாரம் பூர்த்தி செய்வது எங்கள் வேலை. அவர் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. வி.பி. பாரத்தை எப்படி எழுதுவது என்று ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவள் நான். அவருக்கு இருபத்தெட்டு ரூபாய், எனக்குப் பத்தொன்பதரை.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கவே பொறுமையில்லை. மாம்பலத்தில் வீடு வரை நடந்தே போனேன். வழியில் வாசகசாலையில் நுழைந்து பழைய பத்திரிகைகளைப் புரட்டினேன். டில்லியில் எழுதிக்கொண்டிருக்கும் அரசியல் சட்ட வரைவில், ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று ஒரு வரி இருப்பதாக எப்போதோ படித்த ஞாபகம். தேடிப்பிடித்து அதை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டேன். மறுநாள் அதை மானேஜர் மேஜைமேல் வைத்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "பேஷா இருக்கே. ஆனா இன்னும் எழுதிண்டுதானே இருக்கா? அவா சட்டம் எழுதிண்டிருக்கட்டும், நீ அட்ரஸ் எழுதிண்டிரு."

"சார், புதிதாக வந்தவரைவிட நான் ஒன்றும் குறைவாக எழுதவில்லையே."

"நீ நன்னாத்தான் எழுதறே, யார் இல்லேன்னா? அவன் நாளைக்குக் கல்யாணம் பண்ணிண்டு குடும்பம் நடத்தணுமோல்லியோ. நோக்கு என்ன குடும்பம்?"

எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமே ஆகாத அவருக்கு, வரப்போகிற குடும்பத்துக்காகச் சம்பளம். எனக்கோ இருக்கிற குடும்பமே கணக்கில் இல்லை. அச்சாபீஸில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கண் மங்கிப்போய் இரண்டு வருஷமாகிறது. தம்பிகள் இருவரும் படிக்கிறார்கள். வீடு என் பத்தொன்பதரையில்தான் நடக்கிறது. அன்றே ஒரு மனு எழுதினேன். அப்பாவின் கண், தம்பிகளின் பள்ளிக்கூடச் சம்பளம், வீட்டு வாடகை, ஒன்றையும் விடவில்லை. எழுதிமுடித்துப் படித்தபோது எனக்கே கண் கலங்கியது. என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த சம்பள நாளன்று என் பெயருக்கு எதிரே ஸ்டாம்ப் ஒட்டியிருந்தது. இருபத்திரண்டு ரூபாய். ஸ்டாம்பின் குறுக்கே, வேண்டுமென்றே கொஞ்சம் பெரிதாகக் கையெழுத்துப் போட்டேன். நேரே பின்கட்டுக்கு ஓடினேன்.

பின்கட்டில்தான் பார்சல் கட்டுகிறார்கள். நான்கு பெண்கள், மூன்று ஆண்கள். பெண்களில் மூத்தவர் அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து தினமும் நடந்து வருகிற ஒரு அக்கா. என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். நான் விஷயத்தைச் சொன்னதும், சணலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"தெரியும் பாப்பா. உனுக்குக் குடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டு நானும் காலையிலே மானேஜராண்ட போயி கேட்டேன். உன் புருசன்தான் ரிக்ஷா இஸ்துக்கினு கீறானே, உனுக்கு எதுக்குன்னு கேட்டாரு. நீ இன்னான்னு எழ்தினே, படி கேப்போம்."

மனுவின் நகல் என்னிடம் இருந்தது. படித்தேன். பாதியில் குரல் தானாக இறங்கிவிட்டது. நால்வரும் கட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அல்லாம் ஊட்டுக் கஷ்டமாவே கீதே. வேலையப் பத்தி ஒண்ணுமே எழ்தலியா நீ?" என்றார் அக்கா. "தோ நிக்கிறானே, அவன் கட்ற பார்சலு இன்னா, பறந்தா போவுது? அவன் பொண்டாட்டி கூடத்தான் பூ விக்கிறா. அவனை எவனாவது கேட்டானா?"

பக்கத்தில் பார்சல் கட்டிக்கொண்டிருந்தவர், "என்னை ஏன்க்கா இஸ்துவுட்றே" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் சமாளித்திருப்பேன். நான் கேட்டது கூலியே இல்லை, இரக்கம். டில்லியில் எழுதிய வரியைக் கையில் கொண்டுபோனவள், மானேஜர் ஒரு கேள்வி கேட்டதும் அதை மறந்துவிட்டு என் வீட்டுக் கஷ்டத்தைக் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன். குடும்பத்தைப் பார்த்துத்தான் சம்பளம் என்று அவர் சொன்னதை எழுத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டேன். அதை வைத்தே அக்காவுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டிக்குப் பரிசு வாங்கிய எனக்குத் தோன்றவில்லை. அந்த இரண்டரை ரூபாயில் சின்னத் தம்பிக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தேன். அவன் அதைப் போட்டுக்கொண்டு எதிரே வரும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கிறது.

அதற்கப்புறம் சும்மா உட்காரப் பிடிக்கவில்லை. ஒரு மாதமாகத் தினமும் வேலை முடிந்ததும், யார் எத்தனை பார்சல் கட்டினார்கள், யார் எத்தனை விலாசம் எழுதினார்கள் என்று குறித்து வருகிறோம். கட்டுவதில் எல்லோரையும் மிஞ்சி நிற்பவர் அக்காதான். பக்கத்து நாற்காலிக்காரரும் தன் கணக்கைத் தானே எழுதித் தந்தார். "எனக்குக் குறைச்சுடாம இருந்தாச் சரி" என்றார்.

புது மனு ஒரே பக்கம்தான். அப்பாவின் கண் அதில் இல்லை, யாருடைய புருஷனும் இல்லை. வேலை மட்டும் இருக்கிறது. கீழே என் கையெழுத்து, அதற்குக் கீழே நான்கு பெருவிரல் ரேகைகள். மானேஜருக்குக் கோபம் வந்தால் என் இருபத்திரண்டு பழையபடி பத்தொன்பதரை ஆகலாம், வேலையே போகலாம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவர் காபி குடித்து முடித்ததும் கொண்டுபோய் வைக்கப்போகிறோம். "நோக்கு என்ன குடும்பம்" என்று மறுபடி கேட்டால், இந்தத் தடவை நான் அதற்குப் பதில் சொல்லப்போவதில்லை.