மாயப் புறம்போக்கு

என் முதல் நாவலை எத்தனை பேர் படித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அதை எதிர்த்து ஆட்சேபணை மனு கொடுத்தவர் ஒருவர் என்பது மட்டும் உறுதியாகத் தெரியும். மனு முறைப்படி இருந்தது. பெறுநர், பொருள், பார்வை எல்லாம் சரியான இடத்தில் இருந்தன. இணைப்பாக என் நாவலின் பிரதி ஒன்று, நாற்பத்தோராம் பக்கத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்ற பிறகு மற்றவர்கள் நடைப்பயிற்சி போனார்கள். நான் மாயாஜாலக் கதை எழுதினேன். கதை சுருக்கமாக இதுதான்: தாலுகா அலுவலகப் பதிவறையில் எழுத்தராக வேலை செய்யும் ஓர் இளைஞன், பழைய பதிவேட்டில் ஒரு நிலத்தைக் காண்கிறான். நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு என்று எதிலும் சேராமல் அதன் எதிரே ‘மாயப் புறம்போக்கு’ என்று எழுதியிருக்கிறது. ஒரு ராஜ்யத்தையே மறைக்க அதன் ராஜா உத்தரவிட்டுப் போட்ட வகைப்பாடு அது. நிலத்துக்கு அடியில் ஒரு குகை, குகைக்குள் முந்நூறு ஆண்டுகளாகத் தூங்கும் இளவரசி. அவனுக்கு அவள் மேல் காதல். குகையைத் திறக்க ஆறு துறைகளின் தடையின்மைச் சான்று வேண்டும். முதல் பாகம் முடியும்போது நான்கு வந்திருந்தன. மீதி இரண்டும் போரும் பறக்கும் தேரும் இரண்டாம் பாகத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

நான் இருப்பது விழுப்புரத்தில். அங்கே கொடுத்துத் தட்டச்சு செய்தால் பழைய சகாக்கள் ‘சார் என்னமோ எழுதுறாராம்’ என்று கிளம்பிவிடுவார்கள். அதனால் பஸ் ஏறித் திண்டிவனம் போய், பத்திரங்கள் தட்டச்சு செய்யும் ஒரு கடையில் கொடுத்தேன். அங்கே ஒரே ஓர் இளம்பெண்; நாளெல்லாம் கிரயப் பத்திரம், தானப் பத்திரம், விடுதலைப் பத்திரம் அடிப்பவள். என் கையெழுத்துப் பிரதியில் குகை இருக்கும் நிலத்தின் சர்வே எண்ணை மட்டும் கோடிட்டுக் காலியாக விட்டு, ஓரத்தில் ‘சரிபார்த்து நிரப்புக’ என்று குறித்திருந்தேன். எனக்கு நானே எழுதிக்கொண்ட குறிப்பு. அச்சுக்குப் போகுமுன் பார்த்தபோது அந்த இடம் நிரம்பியிருந்தது. நிரம்பியிருந்ததால் யாரோ சரிபார்த்திருப்பார்கள் என்று கொண்டேன். அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் அப்படித்தான் கொண்டேன்.

மனுவோடு வந்தவர் அந்தப் பெண்ணின் அப்பா. மயிலம் பக்கத்து விவசாயி. நாற்பத்தோராம் பக்கத்தில் அச்சாகியிருந்தது அவருடைய நிலத்தின் சர்வே எண். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் கவரிலிருந்து சிட்டாவையும் வில்லங்கச் சான்றையும் எடுத்து மேஜை மேல் வரிசையாக வைத்தார்.

“பாருங்க ஐயா. எங்க தாத்தா காலத்துலேந்து நாங்க பயிர் வச்சிக்கினு இருக்கோம். அதுல ராஜகுமாரி ஏதுங்க? மல்லாட்டைதான் கீது.” வேர்க்கடலையைச் சொன்னார்.

“இது கதைதானே ஐயா.”

“எனுக்குத் தெரியுது. சம்பந்திக்குத் தெரியலியே.”

அப்போதுதான் விஷயம் விளங்கியது. மகளுக்குக் காணை என்ற ஊர்ப் பக்கம் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. பெண் பார்க்க வந்த அன்றே இருவருக்கும் பிடித்துப்போக, தான் தட்டச்சு செய்த முதல் புத்தகம் என்று அவள் பெருமையாக அவனுக்கு ஒரு பிரதி கொடுத்திருக்கிறாள். அதை அவன் படித்தானோ இல்லையோ, அவனுடைய அப்பா படித்துவிட்டார். அவர் நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த நிலத்தில் ஒரு பகுதியை மகளுக்கு எழுதிக்கொடுத்து, வீடு கட்டிக்கொள்ளட்டும் என்று பேச்சு. நிலம் புறம்போக்கு என்றால் கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்று அவர் சொல்லியனுப்பிவிட்டார்.

“பொண்ணு மூணு நாளா சாப்புடல ஐயா,” என்றார் அப்பா. “எங்கிட்ட பேசவும் மாட்டேங்குது. நான்தான் அந்தப் புக்க எழுதினா மாதிரி.”

மறுநாள் திண்டிவனம் போனேன். அந்தப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள்.

“எடத்தக் காலியா வுட்டா பதிவுல திருப்பி அனுப்பிடுவாங்க சார். அந்தப் பழக்கம்தான். எங்க நம்பர எத்தினி லோன் ஃபார்ம்ல எழுதிகீறேன், கை அதும்பாட்டுக்குப் போட்டுடுச்சி.”

“என்னிடம் கேட்டிருக்கலாமே அம்மா.”

“நீங்கதான் நிரப்புகன்னு எழுதினீங்க.”

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் நான் வரச்சொல்லியிருந்த அவளுடைய அப்பாவும் சம்பந்தியும் வந்தார்கள். சம்பந்தி சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருந்தார், சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. ஓய்வுக்குப் பிறகும் அதிகாரிகள் கையெழுத்திடும் பச்சை மையை வைத்திருப்பவரிடம் கவனமாக இருக்க வேண்டும்.

“பேயி பிசாசு இருந்துட்டுப் போவுது சார். அதெல்லாம் நான் நம்புறவன் இல்ல,” என்றார். “ஆனா புறம்போக்குன்னு போட்டுகீதே.”

“கற்பனை ஐயா.”

“கற்பனைன்னு எந்தப் பக்கத்துல போட்டுகீது? முன்னுரையில நீங்க இன்னா எழுதிகீறீங்க? ‘இதிலுள்ள நடைமுறைகள் அனைத்தும் சரிபார்க்கப்பட்டவை.’ கீழ கையெழுத்து. அதுக்குக் கீழ துணை வட்டாட்சியர், அடைப்புக்குறியில ஓய்வு.”

கற்பனை என்ற அறிவிப்பைப் போடாமல் விட்டது என் முடிவுதான். எல்லா நாவலிலும் வரும் அந்த வாசகம் எனக்குப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகப் பட்டது.

“கம்ப்யூட்டர் சிட்டாவில் சுத்தமாக இருக்கிறதே,” என்றேன்.

“கம்ப்யூட்டர்ல தப்பு வரும் சார். அச்சுல ஏறினா வராது.”

பிழைதிருத்தம் ஒன்றை அச்சிட்டு ஒட்டித் தருகிறேன் என்றேன். அவர் முடியாதென்று தலையை ஆட்டினார். ஒட்டினது நாளைக்கு உதிர்ந்துவிடும். முதல் பாகத்தில் ராஜா போட்ட உத்தரவை இரண்டாம் பாகத்தில் அவருக்கு மேற்பட்டவர் ரத்து செய்ய வேண்டும். குகை புதிதாக எங்கே போகிறது என்பதையும் காட்ட வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் கல்யாணப் பத்திரிகை அடிப்பது. நான் பணியில் இருந்திருந்தால் இதையேதான் கேட்டிருப்பேன். அந்தப் பெண் ஒரு பத்திரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனவே என் இரண்டாம் பாகம் போரில் தொடங்கவில்லை. ஒரு சக்கரவர்த்தினியை உருவாக்கி, அவர் மறு அளவை நடத்துவதில் தொடங்கியது. குகையை முதலில் ஏரிக்கு அடியில் வைத்தேன். ஏரி நீர்நிலை, வகைமாற்றம் கூடாது. குன்றுக்கு மாற்றினேன். குன்று வனத்துறையுடையது. அனந்தபுரம் பக்கத்துத் தரிசு நிலம் ஒன்றை யோசித்தேன். அதற்கும் ஒரு பட்டாதாரர் இருப்பார், அவருக்கும் ஒரு மகள் இருப்பாள். மந்திரத்தால் மலையை நகர்த்திவிடலாம், ஒரு வகைப்பாட்டை நகர்த்த நில உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் குகையை என் வீட்டு மனைக்கு அடியில் வைத்தேன்.

மனை என் மனைவி பெயரில் இருக்கிறது. அதனால் அவளுடைய சம்மதக் கடிதம் தேவைப்பட்டது. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அவள் அத்தியாயத்தை வாங்கிக்கொண்டு, முதல் பாகத்தையும் கேட்டாள். அச்சாகி ஓர் ஆண்டாக அலமாரியில் இருந்த புத்தகம்! இரண்டு நாள் வீட்டில் சாம்பார் இல்லை, ரசம் மட்டும்.

“இந்தப் பையன் ஆறு சர்ட்டிபிகேட்டுக்கு அலையுறானே, அந்தப் பொண்ண ஒரு வார்த்த கேட்டானா?” என்றாள்.

“அவள் தூங்குகிறாள்.”

“எழுப்பிக் கேக்கட்டும். முந்நூறு வருஷமா படுத்தவளுக்கு சம்மதக் கடுதாசி கெடையாது, எனுக்கு மட்டும் கீதா?”

“அடுத்த அத்தியாயத்தில் சேர்க்கிறேன்.”

“சேருங்க. கொகை சமையல் ரூம் பக்கமா இருக்கட்டும். உங்க ரூம் பக்கம் வேணாம்.”

இந்த நிபந்தனையைத் தானே கடிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டாள். சமையலறையின் நான்கெல்லையையும் நான் சேர்த்தேன்.

திண்டிவனம் கடையில் மறுபடி எல்லோரும் கூடினோம். அத்தியாயத்தை அந்தப் பெண்தான் தட்டச்சு செய்திருந்தாள். ஒவ்வோர் எண்ணையும் என்னிடம் இரண்டு முறை கேட்டிருந்தாள். சம்பந்தி நின்றபடியே படித்தார். சக்கரவர்த்தினியின் உத்தரவில் நாள் இல்லை என்றார். சித்திரை, வளர்பிறை என்று சேர்த்தோம். எந்த ஆண்டு என்றார். அந்த ராஜ்யத்துக்கு ஆண்டுக்கணக்கு கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். கணக்கு இல்லாத ராஜ்யத்துக்கு அளவை எதற்கு என்றார். அதையும் சேர்த்தோம். பிறகு என் மனைவியின் கடிதத்தை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெண்ணின் அப்பா துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தார். பெண் எதையும் அடிக்காமல் விசைப்பலகை மேல் விரல்களை வைத்திருந்தாள்.

“உங்க வூடு இனிமே புறம்போக்குதான் சார். யோசிச்சிக்கினீங்களா?” என்றார் சம்பந்தி.

“யோசித்தேன்.”

“உங்க பிள்ளைங்க கேக்க மாட்டாங்களா?”

“அவர்கள் என் புத்தகங்களைப் படிப்பதில்லை.”

அவர் பச்சைப் பேனாவைத் திறந்து ஓரத்தில் ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதித் தேதியிட்டார். எந்த அதிகாரத்தில் எழுதினார் என்று நான் கேட்கவில்லை. தாளைப் பெண்ணிடம் நீட்டினார்.

“மருமவளே, இத்த ரெண்டு ஜெராக்ஸ் போடு. ஒண்ணு கல்யாண ஃபைலுக்கு.”

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீ சொல்ல வெளியே போனார். அவள் எழுந்து இயந்திரத்தைப் போட்டாள்.

“மூணாப் போடறேங்க மாமா,” என்றாள். “ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும்.”