புகைக்கு வரி, புகையிலைக்கு வரி

ஒரு வெள்ளைத் தலையணை உறை. காலையில் துவைத்துக் கொடியில் போட்டால் மதியத்துக்குள் கரித்தூள் படிந்துவிடும். எண்பதுகளின் தொடக்கத்தில் செகந்திராபாத்தில் ரயில்வே குடியிருப்பை ஒட்டிய தெருவில் குடியிருந்தேன். நாளிதழ் ஒன்றில் துணையாசிரியர் வேலை. அந்த உறை அடுத்த வீட்டு அக்காவுடையது. தெருவுக்குப் பின்னால் ஓர் இரும்பு வார்ப்பாலை இருந்தது. அக்காவின் மகளுக்கு இளைப்பு. குழந்தையை வேறு ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேலூரில் இருந்த தங்கை வீட்டுக்கு அனுப்பலாம் என்றார், ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த கணவர். அக்கா சம்மதிக்கவில்லை.

“குப்பையை வாசல்ல கொட்டினா அபராதம் போடறாங்க. புகையைக் கொட்டினா மட்டும் சும்மாவா? காசு கேட்டுப் பாருங்க, தன்னால குறைப்பான்” என்பார். அதற்குச் சட்டம் வேண்டும், சட்டத்துக்குத் தொகுதி எம்.எல்.ஏ.வைக் கேட்க வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். தெருமுனைப் புகையிலைக் கடையின் பலகையைப் பார்த்துத் தெலுங்கு எழுத்துக் கூட்டப் பழகியவர் அவர். ‘புகைக்கு வரி போடுங்கள்’ என்ற மாதிரி வாசகத்தைத் தெலுங்கில் ஒரு சிலேட்டில் எழுதிக் குழாயடியில் மாட்டினார். தெருவே அதைப் பார்த்துத் தபால் கார்டுகளில் எழுதி அனுப்பியது.

பதில் வராததால் நாங்கள் சிலர் அவருடன் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனோம். எம்.எல்.ஏ. கார்டுக் கட்டை மேசைமேல் வைத்துச் சிரித்தார். “புகையிலைக்கு எப்பவோ வரி போட்டாச்சே, அம்மா!” தெலுங்கில் ‘பொககு’ என்றால் புகைக்கு. அக்காவின் சிலேட்டில் நடுவெழுத்து கடைப் பலகையில் இருந்தபடியே நீண்டு, ‘பொகாகு’ ஆகியிருந்தது. அது புகையிலை.

“பீடிக்காரங்க அடிக்க வரப்போறாங்க, நக்கோ அக்கா, இனிமே வேண்டாம்!” என்று குழாயடியில் கேலி செய்தார்கள். அக்கா அந்த ஓர் எழுத்தை எச்சில் தொட்டு அழித்துத் திருத்தினார். “எழுத்துதானே தப்பு? கேட்டது தப்பில்லையே.” இரண்டாம் முறை பாதிப்பேர்தான் எழுதினார்கள்.

சட்டம் வரவில்லை. ஆனால் எம்.எல்.ஏ. ஆலைக்கு ஒரு நடை போய்வந்தார். அடுத்த கோடைக்குள் புகைபோக்கியை உயர்த்திக் கட்டினார்கள். தலையணை உறை மாலைவரை வெள்ளையாக நின்றது. மகளின் இளைப்பும் தணிந்தது. வேலூர்ப் பேச்சு நின்றுபோனது. ஜெயித்துவிட்டாய் என்றார்கள். அக்கா கொடியடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். புகை எங்கள் தலைக்கு மேலாக மேற்கே, குகட்பள்ளிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

“அங்க இருக்கற பிள்ளைங்களுக்கு நெஞ்சு இல்லையா?” என்றவர், மறுநாள் சிலேட்டைத் துடைத்து மறுபடியும் எழுதிக் குழாயடியில் மாட்டினார். அம்முறை எழுதியவர்கள் மிகக் குறைவு. நான் எழுதினேன்.

இன்று கரிமப் புகைக்கு விலை வைப்பதைப் பற்றி அறிஞர்கள் எழுதும் கட்டுரைகளைப் படிக்கிறேன். அக்கா குழாயடியில் சொன்னதற்கு மேல் அவற்றில் எனக்குப் புரிவது அதிகமில்லை. அந்தச் சட்டம் வேண்டுமென்று நினைப்பவர்கள் தங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுத வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் திருத்தி மறுபடியும் எழுத வேண்டும். என் மாடிக் கொடியில் தலையணை உறை மாலைவரை வெள்ளையாகவே இருக்கிறது. அதை மடிக்கும்போது கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. இப்போது யார் வீட்டுக் கொடியில் கறுக்கிறதோ.