சிவப்புச்சட்டைக்காரர் வென்ற ஞாயிறு

எங்கள் வீட்டுக்குள் அமெரிக்கக் கால்பந்து ஒரு கல்யாணப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நுழைந்தது. அதுவரை இத்தாலியின் பலெர்மோவில், வியா மக்வேதாவிலிருந்து பிரிகிற சந்தில், லிஃப்ட் இல்லாத எங்கள் மூன்றாம் மாடியில், பந்து என்றால் அது உருண்டையாகத்தான் இருந்தது. முட்டை மாதிரி நீண்ட ஒன்றைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடிவிட்டு அதற்குக் கால்பந்து என்று பெயர் வைத்திருக்கும் நாட்டுக்கு என் சித்தியைக் கட்டிக்கொடுப்பது என்று மாமா முடிவெடுத்த அந்தச் சனவரியில் எனக்கு ஒன்பது வயது.

மாமா, அம்மாவுக்கு அண்ணன். சித்தி, அம்மாவின் தங்கை. போர் முடிந்த பிறகு மன்னாரிலிருந்து சித்தியை இத்தாலிக்கு எடுப்பித்தவர் மாமாதான். வக்கீலிடம் அலைந்து, குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோர் வரிசையில் கால்கடுக்க நின்று, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி எடுத்துக் கையில் கொடுத்தவரும் அவர்தான். அதனால் சித்தி மாமாவின் முகத்தைப் பார்த்து "இல்லை" என்று சொல்லி நான் கேட்டதில்லை. மாமா வைத்த மீன்குழம்பில் புளி வாயைக் கூசவைத்தாலும் "நல்லா இருக்கண்ணை" என்பார். கல்யாணம் பேசட்டோ என்று மாமா கேட்டபோதும் "ஓம் அண்ணை" என்றுதான் சொன்னார். சொல்லிவிட்டுக் கழுவின கோப்பைகளையே மறுபடி கழுவினார்.

சித்தி பகேரியாவில் ஒரு வயதுபோன இத்தாலியச் சின்ஞோராவைப் பார்த்துக்கொண்டார். காலையில் ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் ரயில் ஏறும்போது அவருடைய கைப்பையில் இரண்டு சாமான்கள் கட்டாயம் இருக்கும்: சாப்பாட்டுப் பெட்டி, இத்தாலியன் பாடப்புத்தகம். வாரத்தில் மூன்று நாள் வேலை முடிந்து வளர்ந்தவர்களுக்கான பள்ளிக்கூடம் போவார். ஜூன் மாதம் சோதனை. அதில் தேறினால் ஆஸ்பத்திரி வேலைக்கான படிப்பில் சேரலாமாம். வீட்டில் இத்தாலியனைத் திக்காமல் வாசிக்கிறவள் நான் ஒருத்திதான் என்பதால், புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பது என் உத்தியோகம். நான் இரக்கமில்லாத ஆசிரியை. சித்திக்குத் தெரியாத கேள்விகளாகப் பொறுக்கிப் பொறுக்கிக் கேட்பேன்.

கல்யாணப் பேச்சைக் கொண்டுவந்தவர் ஜெர்மனியில் இருக்கிற ஒரு மாமி. மாப்பிள்ளை அமெரிக்காவில், பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரில், கம்பியூட்டர் வேலை. எல்லாம் தோதாக இருந்தது. பங்குத்தந்தையின் கடிதம்கூட ஆயத்தம். உயிர்த்த ஞாயிறு கழிந்த கையோடு கல்யாணம், மே மாதம் சித்திக்கு விமானம் என்று மாமா மனதுக்குள் பெட்டியே கட்டிவிட்டார். ஒரே ஒரு தடை, மாப்பிள்ளையின் தகப்பன். அவர் ஒருவரோடும் முகம்கொடுத்துக் கதைக்கமாட்டாராம். அங்கே போய் முப்பது வருஷம். அவருக்குத் தேவாலயத்துக்கு அடுத்தபடி அந்த விளையாட்டுத்தான்.

"அதைப் பற்றிக் கதைச்சா மனிசன் வெண்ணெய் மாதிரி உருகிப்போவார்," என்று மாமி தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னார். "இப்ப அங்கை பிளேஓஃப் காலம். வாற ஞாயிறு ஸ்கைப்பில வருவார். உங்கட அண்ணரை ரெண்டு வசனமெண்டாலும் பாடமாக்கி வைச்சிருக்கச் சொல்லுங்கோ."

மாமா ஓர் உணவகத்தில் சமையல்காரர். இரண்டு வசனத்தோடு நிற்கிற ஆள் அவர் இல்லை. அன்று மாலையே சின்ஞோரா ஒருத்தி அம்மாவுக்குக் கொடுத்த பழைய கம்பியூட்டரைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, என்னைப் பக்கத்தில் இருத்தி, பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்க்கத் தொடங்கினார். முதல் நாள் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், பெரிய பெரிய ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள், பிறகு எழும்பித் தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதுதான். மூன்றாம் நாள் மாமா மேசையில் ஓங்கி அடித்தார்.

"அட! இது எங்கட கிளித்தட்டெல்லோ! கோட்டில நிண்டு மறிக்கிறவன் மறிக்க, வெட்டி ஓடுறவன் ஓடுறான். தலையில சட்டியைக் கவுட்டுப்போட்டு விளையாடுறாங்கள், அவ்வளவுதான்!"

அதன்பிறகு மாமாவைப் பிடிக்கமுடியவில்லை. நாலு தரத்துக்குள் பத்து யார் தூரம் முன்னேற வேண்டும், பிளேஓஃப் என்றால் ஒரே ஆட்டம், தோற்றவன் அந்த வருஷத்துக்கு வீட்டுக்குப் போகவேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது. இடையிடையே நான், "மா நோ மாமா, அது ஃபாலோ, அந்த ஓட்டம் சரிவராது," என்று திருத்துவேன். இத்தாலியன் கால்பந்திலிருந்து எனக்குத் தெரிந்த ஒரே குற்றம் அந்த ஃபாலோதான்.

ஞாயிறு நடக்கவிருந்த ஆட்டம் சிவப்புச்சட்டைக்காரருக்கும் நீலச்சட்டைக்காரருக்கும். அந்த ஐயா இரண்டில் ஒன்றின் வெறியர் என்று மாமி சொல்லியிருந்தார். எந்த ஒன்று என்று கேட்க எல்லாரும் மறந்துபோனோம். மாமிக்குத் திரும்ப எடுத்துக் கேட்பது மரியாதைக் குறைவு, நாங்கள் வேஷம் போடுவது வெளித்துவிடும் என்று மாமா தடுத்துவிட்டார். "நீ கம்பியூட்டரில தேடிப் பார் பிள்ளை," என்றார். தேடினேன். மாப்பிள்ளையின் படங்கள் கிடைத்தன. தகப்பனின் தலைமுடிகூட அகப்படவில்லை.

மறுநாள் சித்தி என்னைப் பல்கனிக்குக் கூப்பிட்டார். கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்தபடி, என்னைப் பார்க்காமலே கதைத்தார்.

"நான் மாமியிட்டைக் கேட்டனான். அந்த ஐயா சிவப்புச்சட்டையாம். ஆனா நான் கேட்டனெண்டு சொல்லிப்போடாத, என்ன? பொம்பிளையே விசாரிச்சவளெண்டா வெக்கம். நீ கம்பியூட்டரில பாத்தனெண்டு சொல்லு."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. கல்யாணப் பெண் வெட்கப்படுவது ஊருலக வழக்கம். நான் உள்ளே ஓடிப்போய், "சிவப்பு மாமா! கண்டுபிடிச்சிட்டன்!" என்று கத்தினேன். மாமா எனக்கு ஒரு சாக்லேட் தந்தார்.

அன்றிலிருந்து மாமா சிவப்பானார். சிவப்பின் பலம், பலவீனம், யாருக்கு முழங்காலில் காயம், யார் சென்ற வாரம் ஓய்வெடுத்தவன் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அப்பா பொதுவாக எதிலும் தலைபோடாத மனிதர். ஆனால் மச்சானைச் சீண்டுவது என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அவர் உடனே நீலமானார்.

"நீலத்தில எறியிறவன்ரை கையைப் பாத்தனீரோ மச்சான்? ஐம்பது யாருக்கு எறிவான்."

"எறிவான், எறிவான்! ஞாயிறு பனி கொட்டுமாம். விறைச்ச கையால என்னத்தை எறியிறது? பனியெண்டா ஓடவேணும். ஓடுறவன் எங்களிட்டை இருக்கிறான்."

அந்த "எங்களிட்டை"யை மாமா தெரியாமல்தான் சொன்னார். சொன்னவுடன் அது உண்மையாகிவிட்டது. ஞாயிறு காலைப் பூசை முடிந்து கோவில் வாசலிலும் இதே வாதம். ஒரு ஆட்டமும் பார்த்திராத ஆட்கள்கூடப் பக்கம் பிரிந்து நின்று, சிவப்பு வெல்லும், நீலம் வெல்லும் என்று கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார்கள். சுவாமியார் வெளியே வந்து, தேர்தலோ என்று கேட்டார்.

பின்னேரம் நாலு மணிக்கு ஸ்கைப். அந்த ஐயாவின் மனம் குளிரட்டும் என்று மாமா பல்லாரோ சந்தையில் வாங்கிய சிவப்புக் கம்பளிச்சட்டையைப் போட்டுக்கொண்டு கம்பியூட்டருக்கு முன்னால் நிமிர்ந்து இருந்தார். சித்தி சேலையில், அம்மா பக்கத்தில், அப்பா சுவரோரம். மணி அடித்தது. படம் தெளிந்தது.

அந்த ஐயா நீலச்சட்டை. நீலத் தொப்பி. பின்னால் சுவரில் வேட்டி அகலத்துக்கு ஒரு நீலக்கொடி.

ஐயா மாமாவின் சட்டையை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஆஸ்பத்திரியில இரத்தம் குடுத்திட்டு நேரா வாறீரோ?"

மாமா அந்த இடத்தில் சிரித்து மழுப்பியிருக்கலாம். மழுப்பத்தான் பார்த்தார். "சும்மா, குளிருக்குப் போட்டனான் ஐயா," என்றார். அம்மா செபமாலையைத் தேடினார். ஆனால் ஐயா விடவில்லை.

"நல்லகாலம். நான் பயந்துபோனன். சிவப்பெண்டு ஒரு கூட்டம் இருக்கு, ஓட மட்டும் தெரியும், மூளையில்லாத கூட்டம்."

மாமாவின் காது சட்டை நிறத்துக்கு வந்தது.

"மூளையில்லாமலோ ஐயா இந்த வருஷம் உங்களை ஒருக்கா விழுத்தினவங்கள்?"

"அது எங்கட எறியிறவனுக்குத் தோள் நோ! ஒண்டும் தெரியாமல் கதையாதையும். இத்தாலியில இருந்துகொண்டு உமக்கு என்ன தெரியும்?"

"பனியில எறியேலாதெண்டு தெரியும். உங்கட மறிக்கிறவங்களில ரெண்டு பேர் நொண்டுறாங்களெண்டு தெரியும். இண்டைக்கு நீங்கள் பெட்டி கட்டவேண்டியதுதான் எண்டும் தெரியும்!"

அதற்குப் பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்துச் சொல்லமுடியாது. இரண்டு பக்கமும் எழும்பி நின்றுவிட்டார்கள், எங்கள் பக்கம் படத்தில் மாமாவின் வயிறு மட்டும் தெரிந்தது. மாப்பிள்ளை தகப்பனுக்குப் பின்னால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அவருக்கு இருமல் என்று நினைத்தேன். சித்தி குனிந்த தலை நிமிரவில்லை. பிறகு படம் பட்டென்று அணைந்தது.

அம்மா என் பக்கம் திரும்பினார். "ஆரடி உனக்குச் சிவப்பெண்டு சொன்னது?"

நான் சித்தியைப் பார்த்தேன். சித்தியின் முகம் வெளிறியிருந்தது. பாவம், அவசரத்தில் மாறிக் கேட்டுவிட்டு, தன் கல்யாணத்துக்குத் தானே உலை வைத்துவிட்டார்! இது வெளியே தெரிந்தால் சித்தி எப்படித் தாங்குவார்?

"நான்தான் மாறிப் பாத்திட்டன்," என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன முதல் பெரிய பொய். அம்மாவின் பேச்சு அடைமழைபோல் கொட்டியது. நான் ஒரு புனிதையைப் போல நின்று அதை வாங்கினேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே, ஏழு மணிக்கு ஆட்டம். யாரும் பார்ப்பதில்லை என்று அம்மா சொன்னார், எல்லாரும் பார்த்தோம். பனி கொட்டியது. மாமா சொன்னது எழுத்துப் பிசகாமல் நடந்தது. நீலத்தின் எறிகிறவன் விரல்களை ஊதி ஊதி எறிந்தான், பந்து கண்டபக்கம் போனது. சிவப்பின் ஓடுகிறவன் வெட்டி வெட்டி ஓடினான். கடைசியில் அவன் கோட்டைத் தாண்டி விழுந்தபோது மாமா கதிரைமேல் ஏறி நின்றார். கீழ்மாடிச் சின்ஞோரா தும்புத்தடியால் கூரையை இடித்தாள். அப்பாவே கைதட்டினார்.

மறுநாள் மாமி தொலைபேசி எடுத்தார். அந்த வீட்டில் பெண் எடுக்கமாட்டேன் என்று ஐயா சொல்லிவிட்டாராம். மாமா தொலைபேசியை வாங்கினார்.

"அவர் என்ன எடுக்காமல் விடுறது? நான் குடுக்கமாட்டன்! தோல்வியைத் தாங்கத் தெரியாத வீட்டில என்ரை தங்கச்சி வாழேலாது. விளங்குதோ?" வைத்துவிட்டு அம்மாவிடம், "பிள்ளையைப் பேசாத. பிள்ளை சரியான பக்கத்தைத்தான் சொன்னது," என்றார். பிறகு சித்தியைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "உனக்குக் கவலையோம்மா?"

"நீங்கள் செய்தாச் சரியாத்தான் இருக்கும் அண்ணை," என்றார் சித்தி.

அடுத்த ஞாயிறு, தனக்கொரு நேர்த்திக்கடன் இருக்கிறது என்று சொல்லிச் சித்தி என்னைப் பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்குக் கூட்டிப்போனார். எங்கள் ஆட்கள், வேதக்காரர், சைவக்காரர் எல்லாரும் ஏறுகிற மலை. சித்தி அந்தக் குளிரில் சப்பாத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறினார். என் சப்பாத்தைக் கழற்ற விடவில்லை. நேர்த்தி என்பது கேட்டது கிடைத்த பிறகு செலுத்துவது என்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்டது கிடைக்காமல் போனவர் ஏன் செலுத்துகிறார் என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு அன்று மூச்சு மிச்சமிருக்கவில்லை.

குகைக்கோவிலில் சித்தி மெழுகுதிரி ஏற்றினார். நான் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"சித்தி, மாப்பிள்ளை வீட்டுக்காரர் திரும்ப எடுத்துக் கதைக்கவேணுமெண்டு நானும் மன்றாடட்டோ?"

"ஐயையோ, வேண்டாம்!" என்றார் சித்தி. அவ்வளவு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அர்ச்சிஷ்டவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும் பிள்ளை. கரைச்சல் குடுக்காத," என்றார்.

வெளியே வந்து கல்லில் இருந்தோம். கீழே நகரமும் கடலும் வெயிலில் கிடந்தன. சித்தி எனக்கொன்று தனக்கொன்றாக அரஞ்சீனா என்கிற பொரித்த சோற்றுருண்டை வாங்கி, தன்னுடையதை நாலே வாயில் முடித்தார். இதுதான் தருணம் என்று எனக்குப் பட்டது.

"சித்தி, நீங்கள் மாறிச் சொன்னதை நான் சாகுமட்டும் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். பயப்பிடாதேங்கோ."

சித்தி என்னை உற்றுப் பார்த்தார். சட்டென்று கட்டிப்பிடித்து என் தலையில் முகத்தைப் புதைத்தார். உடம்பு முழுக்கக் குலுங்கியது. என் தலைமுடி நனைந்தது. பாவம், மாப்பிள்ளையை நினைத்து எப்படி அழுகிறார் என்று எனக்கும் அழுகை வந்தது.

இறங்கும்போது பஸ்ஸில் ஏறினோம். சித்தி பைக்குள் கைவிட்டு, சப்பாத்துக்கு அடியிலிருந்து இத்தாலியன் புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தார்.

"கேள். ஜூனுக்கு இன்னும் அஞ்சு மாசம்தான் கிடக்கு."

கல்யாணம் குழம்பின கவலையை மறக்கத்தான் படிக்கிறார் என்று நினைத்தேன். அதனால் அன்றைக்கு மட்டும், சித்திக்கு நன்றாகத் தெரிந்த சுகமான கேள்விகளாகத் தேடித் தேடிக் கேட்டேன்.