கோழிப் படமும் பச்சைப் புள்ளியும்

இன்பமணியை யாரும் சுலபமாக ஏமாற்றிவிட முடியாது என்று பேட்டையில் ஒரு பேச்சு உண்டு. இருபத்தெட்டு வருஷமாகப் பீடிக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறவள். ஒரே சுளகில் கிடந்த பீடியில் பாதிக்கு மஞ்சள் லேபிளும் பாதிக்குச் சிவப்பு லேபிளும் ஒட்டிய கை அவளுடையது. சிவப்புதான் காரம், மஞ்சள் சப்பென்று இருக்கிறது என்று கடை வாசலில் சண்டை போடும் ஆண்களைப் பார்த்து முந்தானைக்குள் சிரித்திருக்கிறாள். "லேபிளப் பாத்து வாங்குதவனுக்கு மூளை சட்டைப் பையில இருக்கு" என்பாள். அப்பேர்ப்பட்டவளே ஆறு மாதம் ஏமாந்தாள். அதுவும் ஒரு நாய்த்தீனிப் பையிடம்.

அவள் குடியிருப்பது காசிலிங்கம் அண்ணாச்சியின் காம்பவுண்டில். ஏழு வீடு, ஒரு கிணறு, ஒரு கேட். அண்ணாச்சி சுத்த சைவம். குடி வைக்கும்போதே சட்டத்தைச் சொல்லிவிடுவார்: உள்ளே மீன், கறி சமைக்கக் கூடாது, கவிச்சி வாடை வரக் கூடாது. இன்பமணி அதற்குச் சம்மதித்துத்தான் வந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து, மகள் நித்யாவை நாங்குநேரியில் கட்டிக்கொடுத்த பிறகு ஒற்றை வயிறுதானே. மீனுக்கு நாக்குத் துடித்தால் ஏரலில் அக்கா வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவாள்.

சிக்கல் மைனாவோடு வந்தது. அந்த மார்கழி வெள்ளம் வடிந்த மறுநாள் குறுக்குத்துறைப் பக்கம் சேற்றில் ஒட்டிக் கிடந்த பெண் நாய்க்குட்டி அது. மூக்கும் கண்ணும் தவிர மீதியெல்லாம் சேறு. முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாள். அண்ணாச்சி முகத்தைச் சுளித்தார், ஆனாலும் அன்றைக்கு ஊரே கதிகலங்கிக் கிடந்ததால் விட்டுவிட்டார்.

ஆவணி வரைக்கும் குட்டி மோர்ச்சோற்றிலும் ரசஞ்சோற்றிலும் வளர்ந்தது. ஊசி போடப் போன இடத்தில் மாட்டாஸ்பத்திரி டாக்டர் சத்தம் போட்டார். "வெறுஞ்சோறு பத்தாதும்மா, கறி வேணும். வீட்ல சமைக்க முடியாதுன்னா நல்ல பைத்தீனியா பாத்து வாங்கிப் போடுங்க." நல்லது எது என்று எப்படிப் பார்ப்பது? அவருக்கு அடுத்த மாடு காத்திருந்தது. இன்பமணி பக்கத்துக் கடைக்குப் போய், இருந்ததிலேயே பெரிய கோழி எந்தப் பையில் இருந்ததோ அதை வாங்கினாள்.

அன்றிலிருந்து அவள் தன் வீட்டுக்குள்ளேயே திருடி. பையைப் பழைய சேலையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவைப்பாள். கதவைச் சாத்திவிட்டுத்தான் மைனாவுக்குப் போடுவாள். வெள்ளிக்கிழமைதோறும் அண்ணாச்சி வாசலில் நின்று மூக்கை உறிஞ்சுவார். "ஏதோ கவிச்சி வாடை அடிக்கே, இன்பமணி?"

"கம்பெனிப் புகையிலை வாடை அண்ணாச்சி. மேல ஒட்டிட்டு வந்துருது."

சொல்லிவிட்டுக் குறுகிப்போவாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோமே என்று வெட்கமாக இருக்கும். பிள்ளை தேறினால் சரி என்று மனதைத் தேற்றிக்கொள்வாள்.

பிள்ளை தேறவில்லை. மைனாவின் விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது. முதுகில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. நாளெல்லாம் சொறிந்தது. மாசி பிறந்ததும் அண்ணாச்சி தீர்ப்புச் சொல்லிவிட்டார். "சொறி நாய் காம்பவுண்டுக்கு ஆகாது. பங்குனி உத்திரத்துக்கு நான் சாஸ்தா கோயிலுக்குப் போயிட்டு வருவேன். வரும்போது அது இங்கன இருக்கக் கூடாது."

டாக்டர் தோலைச் சுரண்டிப் பார்த்தார். சொறிப்பூச்சி இல்லை, தீனியைப் பாருங்கள் என்றார். இன்பமணி மிச்சமிருந்த தீனியோடு பையைத் தூக்கிக்கொண்டு வண்ணார்பேட்டைக்கு வந்தாள். அங்கே நாய், பூனைக்கான சாமான்கள் விற்கும் கடையை ஸமீஹா என்ற பெண் நடத்துகிறாள். பையை வாங்கியவள் கோழியைப் பார்க்கவேயில்லை, நேரே பின்பக்கத்தைத் திருப்பினாள்.

"யக்கா, இது சைவம்லா."

"என்னத்த சைவம்? அங்கன பாரு, கொண்டைய வச்சிட்டு நிக்கு."

"படத்துலதான் நிக்கு. உள்ள இல்ல. இந்தா பச்சைப் புள்ளி. கோழின்னு போடல, கோழி ஃப்ளேவர்னு போட்டிருக்கான். வெறும் வாசனைக்கா." விரலை வைத்து வாசித்தாள். "எது கூடக் கிடக்கோ அதத்தான் முதல்ல எழுதணும். முதல்ல மக்காச்சோளம். அடுத்து கோதுமைத் தவிடு. பெறவு சோயா. அதுவும் கொஞ்சூண்டு. புரதம் பத்தவே பத்தாது."

இன்பமணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஆறு மாதமாகக் கதவைச் சாத்தி, வாய் கூசாமல் பொய் சொல்லி, கட்டிலுக்கடியில் அவள் ஒளித்துவைத்தது சோளமும் தவிடும்! திருநெல்வேலிக்காரிக்கே அல்வா. அடுத்த நிமிஷம் மைனாவின் முதுகு ஞாபகம் வந்தது. கோபத்தில் கண் கலங்கியது. "நான் ஒட்டாத லேபிளா? எனக்கே ஒட்டிட்டானே!"

ஸமீஹா தங்க நிறப் பை ஒன்றை எடுத்துவந்தாள். அதில் ஒரு நாய் ராஜகுமாரன் போல உட்கார்ந்திருந்தது. இன்பமணி கையை நீட்டித் தடுத்தாள். "மூஞ்சிய எனக்குக் காட்டாத தாயி. முதுகக் காட்டு."

அலமாரியில் இருந்த அத்தனை பையும் அன்று முதுகைக் காட்டின. முதல் பெயரே கறியாக இருக்க வேண்டும், அதுவும் கோழியா ஆடா என்று பெயர் சொல்லி. கொறிக்கிற பண்டமாக இல்லாமல், வளர்ந்த நாய்க்கு வேளைச் சாப்பாடாக அதுவே போதும் என்று எழுதியிருக்க வேண்டும். புரதக் கணக்கு, பை கட்டிய தேதி, அசைவம் என்று காட்டும் பழுப்புக் குறி. தங்கப் பை தேதியிலேயே தோற்றது. கடைசியில் தேறியது, படமே இல்லாத ஒரு சாம்பல் பை.

"பைய மாத்துங்க யக்கா. பழசோட கொஞ்சங் கொஞ்சமா கலந்து, ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கிடுங்க. இல்லன்னா வயித்தால போவும். மூடி உள்ள தகரத்துல வைங்க" என்றாள் ஸமீஹா.

பங்குனி உத்திரம் வந்தது. அண்ணாச்சி சாஸ்தாவைக் கும்பிட்டுவிட்டு, விபூதிப் பொட்டலத்தோடு இன்பமணி வாசலில் வந்து நின்றார். மைனா எழுந்து உடம்பை உதறியது. முதுகில் புதுமுடி மினுமினுத்தது.

"அந்த நாயா இது? சொறியக் காணலியே! ஒரு மாசமா கவிச்சி வாடையும் இல்ல. சொன்னா கேட்டுக்கிடுத, நல்ல மனுசி. நாய் இருந்துட்டுப் போவட்டும்."

ஜெயித்தாயிற்று. புத்தியுள்ளவள் கும்பிட்டு விபூதியை வாங்கியிருப்பாள். இன்பமணிக்குத் தொண்டையில் அந்த ஆறு மாதப் பொய் முள்ளாக நின்றது. இன்னொரு முள்ளை விழுங்க அவள் தயாராக இல்லை.

"நில்லுங்க அண்ணாச்சி." உள்ளே போய் இரண்டு பையையும் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள். "அப்ப உங்களுக்கு வாடை அடிச்சது இந்தக் கோழிப் பை. பச்சைப் புள்ளியப் பாருங்க. உங்கள மாதிரி சுத்த சைவம். இந்தா, இது நெசக் கோழி. ஒரு மாசத்துக்கு மேல உள்ளதான் இருக்கு. வாடையில்லன்னு இப்பதான் உங்க வாயால சொன்னீங்க."

அண்ணாச்சியின் கை விபூதியோடு அப்படியே நின்றது. "அப்ப என்னைய ஏமாத்திருக்க."

"ஒளிச்சது தப்புதான். இனிமே ஒளிக்க மாட்டேன். சமைக்கக் கூடாதுன்னீங்க, சமைக்கல, சமைக்கவும் மாட்டேன். அது நானும் நீங்களும் பேசுன பேச்சு. இவ உங்கள்ட்ட ஒரு பேச்சும் பேசல. இவளுக்கு இதுதான் தீனி. காலி பண்ணுன்னா பண்ணுதேன், இவளக் கூட்டிக்கிட்டு."

"நாளைக்குச் சொல்லுதேன்" என்று அவர் போய்விட்டார். அந்த நாளை இன்னும் வரவில்லை.

இன்பமணி அதற்காகக் காத்திருக்கவுமில்லை. சாம்பல் பை தீர்ந்ததும் அந்தப் பழுப்புக் குறியைக் கத்தரித்து, கம்பெனிப் பசையைத் தடவி, தீனித் தகரத்தின் நெற்றியில் ஒட்டினாள். தகரத்தைக் கேட்டைப் பார்த்து வாசற்படியில் வைத்தாள். இருபத்தெட்டு வருஷத்தில், உள்ளே இருப்பது என்னவென்று தானே வாசித்துத் தெரிந்துகொண்டு அவள் ஒட்டிய லேபிள் அது ஒன்றுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணாச்சி அதைப் பார்த்தார். துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, வேகவேகமாகத் தாண்டிப் போனார்.

"அண்ணாச்சி," இன்பமணி கேட் வரைக்கும் கேட்கும்படி கூப்பிட்டாள். "அது காலித் தகரம். சோப்புப் போட்டுக் கழுவிக் காய வச்சிருக்கேன்."