மூடிய அறைக்குள் ஊளை

எங்கள் பாண்டில் இரண்டு தொல்லைகளுக்கு இரண்டு பெயர் வைத்திருந்தோம். மைக்கில் வருவது கீச்சு. கிதார் சத்தத்தைப் பெரிதாக்கும் ஸ்பீக்கர் பெட்டியில் வருவது ஊளை. கீச்சு வந்தால் மைக் பிடித்தவனைத் தள்ளி நில்லுடா என்று திட்டிவிடலாம். ஊளை அப்படி அடங்காது. பெட்டியிலிருந்து வரும் சத்தம் கிதார் கம்பியை அசைக்கும். அந்த அசைவு ஒயர் வழியாகப் பெட்டிக்குள் போய் இன்னும் பெரிதாக வெளியே வரும். அது கம்பியை மறுபடி அசைக்கும். மெல்ல முனகலாகக் கிளம்பி, ஒரு கல்யாணப் பந்தலையே காதைப் பொத்திக்கொள்ள வைக்கும். அண்ணன் கிதார் வாசிப்பான். நான் பேஸ் வாசித்துக்கொண்டே, ஊளை எங்கிருந்து கிளம்புகிறது என்று தேடிக்கொண்டிருப்பேன். அவன் கிதார் உள்ளே கூடான பழைய சாமான், ஊளையிடவென்றே செய்தது. அதை மாற்றச் சொன்னால் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

பா ஊர்ச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன லாரி, மேட்டில் ஏற முடியாமல் பின்னால் உருண்டு கவிழ்ந்தது. ஓட்டிப் போனது அண்ணன். ஆஸ்பத்திரியில் உடம்பைச் சுற்றிக் கட்டித்தான் கொடுத்தார்கள். முகத்தைத் திறக்க வேண்டாம் என்று சித்தப்பா சொன்னார். ஆண்கள் எல்லோரும் தலையாட்டினோம். "ஒரே ஒரு தரம் காட்டுங்கப்பா, நான் அழமாட்டேன்" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். யாரும் காட்டவில்லை. எரித்துவிட்டு வந்த பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். கருமாதியன்று அவன் வருவான், அன்றைக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னாள். அதை வைத்துத்தான் அவள் அதுவரை சாப்பிட்டாள், குளித்தாள்.

எங்கள் குடும்பங்களில் கருமாதிக்குப் படையல் போட்டு அறையைச் சாத்திவிடுவோம். எல்லோரும் வெளியே உட்கார்ந்து பாட்டு முடியும்வரை காத்திருப்போம். செத்தவர் அந்த நேரத்தில் வந்து சாப்பிட்டுப் போவார். கதவைத் திறந்ததும் சோற்றில் விரல் பட்ட தடம் இருக்கிறதா என்று பெண்கள் குனிந்து பார்ப்பார்கள். படைக்கிற பொருள் எதுவும் மூடியபடி இருக்கக் கூடாது, வருகிறவர் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் அண்ணனுக்குப் பீர் பாட்டிலைத் திறந்து வைத்தார்கள். சிகரெட்டைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து வைத்தார்கள். ஆண்கள் கூடிக் குடிக்கும் நங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்துக் கொட்டாங்கச்சியில் ஊற்றி வைத்தார்கள். கோழிக்கறி, சோறு, புதுச் சட்டை. பக்கத்தில் கிதாரையும் பெட்டியையும் சித்தப்பா வைத்தார்.

அன்று நான் முற்றத்தில் மைக் கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் தமிழர் சங்கத்திலிருந்து வந்த நான்கு பெரியவர்கள் தமிழில் பாட வேண்டும். எங்கள் வீட்டுப் பக்கம் அப்போது கரண்ட் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே ஜெனரேட்டர். கதவைச் சாத்தியதும் டிரம் வாசிக்கும் நண்பன் கயிற்றை இழுத்து அதைக் கிளப்பினான். பாட்டு ஆரம்பித்தது.

முதல் பாட்டு பாதி போவதற்குள் மூடிய அறைக்குள் யாரோ முனகினார்கள்.

பாடியவர்கள் தடுமாறினார்கள். முனகல் ஏறியது. நண்பனுக்குத் தமிழ் வராது; என் தோளைப் பிடித்து, "பித்தர் கோன் ஹை?" என்றான், உள்ளே யார் என்று. நவுவாவிலிருந்து வந்த அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

"நல்ல சாவா அது? போகமாட்டேங்குறான் பாரு. இந்த வூட்டச் சுத்திக்கிட்டேதான் கெடப்பான்."

இதைச் சொல்லவா இத்தனை தூரம் பஸ் ஏறி வந்தாய் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா என்னிடம் வந்து, "அந்தச் சத்தத்த நிறுத்துடா, கும்பிடுறேன்" என்றார். என் அப்பா அதற்கு முன் என்னிடம் எதற்கும் கும்பிடுகிறேன் என்று சொன்னதில்லை.

முதலில் மைக்கை அணைத்தேன். முனகல் நிற்கவில்லை. சுவரில் காதை வைத்ததும் புரிந்துவிட்டது. தடித்த கம்பியின் ஊளை, நூறு கல்யாணத்தில் நான் துரத்திய அதே ஊளை. ஜெனரேட்டரிலிருந்து சன்னல் இடுக்கு வழியாக ஒரு ஒயர் உள்ளே போயிருந்தது. வருகிறவன் அப்படியே எடுத்து வாசிக்கட்டும் என்று பெட்டியையும் தயாராகத்தான் வைத்திருந்தார்கள். சுவிட்சைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி, ஒயரையும் மாட்டி, கிதார் விழாமல் இருக்க அதைப் பெட்டியின் முகத்திலேயே சாய்த்திருக்கிறார் சித்தப்பா. ஜெனரேட்டர் கிளம்பியதும் பழைய வால்வுப் பெட்டி மெதுவாகச் சூடேறி உயிர் பெற்றுவிட்டது.

ஒயரைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். கதவோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள் அம்மா. இரண்டு உள்ளங்கையும் கதவுமேல் இருந்தன.

"தம்பி, இங்க கைய வெச்சுப் பாரு. கதவு அதிருது. வந்துட்டான்டா."

அவள் முகம் தெளிந்திருந்தது. லாரி கவிழ்ந்த நாளிலிருந்து அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் பின்னால் அத்தை பேய், பிசாசு என்று இன்னும் பேசிக்கொண்டிருந்தாள், அப்பா சுவரோரம் கும்பிட்ட கையை இறக்காமல் நின்றார். பிளக்கைப் பிடுங்கினேன். ஊளை இறங்கி இறங்கி நின்றது.

"ஒன்னுமில்ல" என்றேன், அத்தைக்குக் கேட்கட்டும் என்று உரக்கவே. "கிதாரப் பொட்டிமேல சாச்சு வெச்சிருக்காங்க, அதான். உள்ள யாருமில்ல."

கூட்டத்தில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. யாரோ சிரிக்கக்கூடச் சிரித்தார்கள். அப்பா ஓய்ந்துபோய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். பெரியவர்கள் விட்ட அடியிலிருந்து பாட்டை எடுத்தார்கள்.

அம்மா கதவிலிருந்து ஒரு கையை எடுத்தாள், பிறகு இன்னொன்றை.

"அப்ப அவன் வரலியா?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்து, சமையற்கட்டுக்குப் போய், வந்தவர்களுக்குச் சோறு போட்டுக் கொடுக்க ஆரம்பித்தாள். பாட்டு முடிந்து கதவைத் திறந்தபோது பெண்கள் அவளைக் கூப்பிட்டார்கள். கைவேலையாக இருக்கிறேன், நீங்களே பாருங்கள் என்றாள்.