துருவுக்காகக் காத்திருந்த வயல்

கோதுமைக்கு நோய் வந்தால் ஊரெல்லாம் கவலைப்படும். எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் நோய் இன்னும் வரவில்லையே என்று கவலைப்படுவார்கள். மஞ்சூர் போகும் வழியில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இருந்தது நிலையம். நான் அங்கே நிர்வாக அலுவலர். விதையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அதை வாங்க மூன்று விலைப்புள்ளிகள் வேண்டும் என்பதுதான்.

துரு என்றொரு நோய் உண்டு. இலையில் ஆரஞ்சுப் பொடி தூவியதுபோல் இருக்கும். தொட்டால் விரலில் ஒட்டும். சமவெளியில் கோடை வந்தால் கோதுமையும் இல்லை, துருவும் இல்லை. இந்தக் குளிரில் ஆண்டு முழுவதும் கோதுமை வளர்வதால், துருவும் நிரந்தரப் பணியாளர்போல் இங்கேயே தங்கிவிடும். இங்கிருந்து காற்றேறிப் போய் யார் யாருடைய சப்பாத்தியிலோ கை வைக்கும். அதனால் புது ரகங்களை உழவர்களுக்குக் கொடுக்கும் முன் இங்கே நோயோடு விட்டுப் பார்ப்பார்கள். நோய்க்கு உடனே மடியும் பழைய ரகத்தை ஓரங்களில் விதைப்பார்கள். அதில் துரு பிடித்து நடுவில் உள்ள புது ரகத்துக்குப் பரவ வேண்டும். பரவியும் புது ரகம் பச்சையாக நின்றால் தேர்வு.

அந்த ஆண்டு நடுவில் நின்றது ஓர் இளம் விஞ்ஞானியின் ரகம். ஒப்பந்தப் பணியில் இருந்தவர். அந்தப் பருவத்தோடு திட்டம் முடிகிறது. நோயில் நின்று காட்டினால்தான் ரகம் அடுத்த கட்டத்துக்குப் போகும். அவரும் அதோடு நீடிப்பார். ஓர வரிசையில் முதல் ஆரஞ்சுப் புள்ளியைக் கண்ட அன்று எங்களுக்கெல்லாம் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் தலைமையகத்திலிருந்து பெரிய அதிகாரி அடுத்த மாதம் ஆய்வுக்கு வருவதாகச் செய்தி வந்தது. ஆய்வு என்றாலே எங்கள் மேற்பார்வையாளருக்குச் சுண்ணாம்பு நினைவுக்கு வந்துவிடும். கல், மரம், குழாய் எல்லாம் வெள்ளையாயிற்று. அடுத்து வயலைப் பார்த்திருக்கிறார். ஓரத்தில் பயிர் சீக்காக நிற்பது அவர் கண்ணை உறுத்தியது. விஞ்ஞானி ஊட்டிக்குப் போயிருந்த நாளில் ஆள்விட்டுப் பிடுங்கிவிட்டார்.

மறுநாள் காலை நான் போனபோது விஞ்ஞானி வரப்பில் உட்கார்ந்திருந்தார். எதிரே வேலைக்காரப் பெண்களும் மேற்பார்வையாளரும்.

"சீக்குப் பயிரத்தானுங்க மேடம் புடுங்குனோம். நல்ல பயிர் ஒண்ணத் தொடலீங்க," என்றார் மூத்தவர்.

"அது சீக்கு இல்லக்கா, என் பரீட்சையோட கேள்வித்தாள். அதையே கிழிச்சுட்டீங்க."

"அட கருமமே! நோய் வரோணும்னு பயிர் வெக்கறவங்கள நான் இங்கதானுங்க பாக்கறேன்."

மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். "ஏனுங்க சார், நீங்களாவது சொல்லுங்க. பெரிய ஆபீசருக்குச் செத்த பயிரையா காட்டறது?"

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பிடுங்கியதை என்ன செய்தீர்கள்? எரிக்கவில்லையாம். வளாகத்துக்குள் எதை எரிப்பதானாலும் என் கையெழுத்து வேண்டும். நான் முந்தின நாள் குன்னூரில் பல் மருத்துவரிடம் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். என் பணிக்காலத்தில் எத்தனையோ பேர் திட்டிய அந்த விதி, அன்று சவுக்கு மரத்தடியில் ஒரு குவியலாகக் கிடந்தது.

விஞ்ஞானி எழுந்து ஓடினார். வாடிய இலைகளில் பொடி இன்னும் இருந்தது; அந்தப் பொடிதான் நோயின் வித்து. பிறகு நிலையமே கல்யாண வீடுபோல் ஆயிற்று. பெண்கள் வாளித் தண்ணீரில் இலைகளை அலசினார்கள். தண்ணீர் செம்மண் நிறமானது. வடிகட்டிக் கைத்தெளிப்பானில் ஊற்றி, பனி இறங்கும் நேரத்தில் வயல் முழுக்கத் தெளித்தார்கள். இன்னும் நோய் காணாததால் பிடுங்காமல் தப்பிய கடைசி ஓர வரிசைக்கு இரண்டு பங்கு. ஈரம் போகாமலிருக்க மேலே பாலிதீன் விரித்து மூடினார்கள். மூத்தவர் அதன் விளிம்பைக் குழந்தைக்குப் போர்வை செருகுவதுபோல் செருகினார். மேற்பார்வையாளர் சுண்ணாம்பு அடித்த கற்களைத் தூக்கி வந்து மேலே பாரம் வைத்தார்.

அதன் பிறகு தினமும் காலையில் எல்லோரும் வயலைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வருகைப்பதிவேட்டுக்கு வந்தார்கள். நேரம் தவறியதற்கு நான் விளக்கம் கேட்கவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில்தான் குனிந்துகொண்டிருந்தேன்.

அதிகாரி வந்தபோது ஓர வரிசை முழுக்க ஆரஞ்சாகக் கருகி நின்றது. நடுவில் விஞ்ஞானியின் ரகம் ஒரு புள்ளியில்லாமல் பச்சையாக அசைந்தது. விஞ்ஞானி வரப்பிலிருந்து இறங்கினார். பச்சை இலையை விரலால் தடவி, பொடி ஒட்டாத விரலைக் காட்டினார். அதிகாரி முகம் சுளித்து, "இவ்வளவு நோயா?" என்றார்.

மேற்பார்வையாளர் முன்னால் வந்தார். "இன்னும் நாலு நாள் கழிச்சு வந்திருந்தீங்கன்னா, இன்னும் நல்லாப் பாத்திருக்கலாமுங்க."